பித்தளை மூடி போட்ட மெசின்

தில்லையடியில் ஹஃபீலாவின் தையலில் குறை கண்டவர் யாருமில்லை. அபாயாவா, பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டையா, கல்யாணப் பெண்ணுக்கு மணி வைத்த உடுப்பா, எதைக் கொடுத்தாலும் தையல் ஓடிய இடம் தெரியாமல் தைத்துக் கொடுத்துவிடுவாள். அதைத் தடவிப் பார்த்துவிட்டு யாராவது, "என்ன மாதிரி ஓடியிருக்கு ராத்தா! நல்ல மெசின் ஒன்டு வெச்சிருக்கிறீங்க" என்று சொல்லிவிட்டால் போதும், முகம் மாறிவிடும்.

"மெசின் என்ட இல்ல. அமானிதம், பத்திரமாப் பாத்துக் குடுக்க வேண்டிய சாமான்" என்பாள்.

"யாருட அமானிதம்?"

"தெரிஞ்சா குடுத்திருக்க மாட்டனா?"

இதைக் கேட்டுக் கேட்டுத் தெருவுக்கே அலுத்துப்போயிற்று. ஹஃபீலாவிடம் மெசினைப் புகழாதே, கதை நீளும் என்று துணி கொண்டுவருகிறவர்கள் ஒருவரையொருவர் எச்சரித்துக்கொள்வார்கள். அவர்கள் தப்பித்தார்கள். நாம் அந்தக் கதையைக் கேட்டுத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது.

தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரையும் மன்னாரை விட்டுப் புறப்படச் சொல்லி இயக்கம் கட்டளை போட்டபோது ஹஃபீலா கல்யாணம் பேசுகிற வயதுப் பெண். எதை எடுப்பது, எதை விடுவது என்று உம்மா தலையில் கைவைத்து நிற்க, இவள் தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிப் படுக்கை விரிப்பில் கட்டித் தூக்கிக்கொண்டாள். மிதிக்கிற இரும்புக் காலை யாரால் தூக்க முடியும்? அது வீட்டோடு நின்றுவிட்டது. வள்ளத்தில் அலை அடித்த அடியில் கற்பிட்டிக் கரைக்கு வந்து சேரும்போது மெசினும் நனைந்து, அவளும் நனைந்து, காய்ச்சல் பிடித்துக்கொண்டது. இவள் மட்டும் என்றில்லை, இன்னும் சில பெண்களும் அப்படியே மெசின் தலையைத்தான் சுமந்து வந்திருந்தார்கள்.

அகதிகள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்து விறாந்தையில் ஒரு மெக்கானிக் நானா, அல்லாஹ் அவருக்கு சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும், அத்தனை தலைகளையும் கழற்றி ஒரே பீப்பாயில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறப்போட்டார். உப்புக் கழன்றதும் துடைத்துத் திரும்பப் பூட்டினார். எல்லாம் ஒரே கம்பனி, ஒரே கறுப்பு, ஒரே தங்கப் பூ. "வாங்க, அவங்கவங்கட சாமான எடுத்துக்கிட்டு போங்க" என்று கூப்பிட்டார். ஹஃபீலா காய்ச்சலில் கிடந்தாள். வாழ்நாளில் ஒரு பொத்தான்கூடத் தைத்தறியாத உம்மா போய், முன்னால் இருந்த ஒன்றைத் தொட்டு, "இதுதான் நம்மட" என்று தூக்கி வந்துவிட்டாள்.

காய்ச்சல் விட்டு எழும்பி, மெசினைப் பார்த்த உடனே ஹஃபீலாவுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய மெசினில் பொபின் மேல் மூடுகிற தகடு எப்போதோ தொலைந்து, வள்ளம் கட்டுகிற ஓடாவியான வாப்பா மஞ்சள் பித்தளையில் ஒரு மூடி வெட்டிப் போட்டிருந்தார். இதில் கம்பனி மூடியே இருந்தது. அது போகட்டும், கையால் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தால் வெண்ணெய் மாதிரி ஓடுகிறது. அவளுடையது அப்படி ஓடாது. தம்பி நௌஃபர் சின்ன வயதில் தள்ளி விழுத்தியதிலிருந்து சக்கரம் அடிக்கடி ஓரிடத்தில் இடறும். அந்த இடம் வரும்போது சக்கரத்தை உள்ளங்கையால் லேசாகத் தட்டிவிடவேண்டும். தட்டாவிட்டால் ஊசி நூலைப் பிடிக்காது, தையல் விட்டுவிட்டு விழும். ஹஃபீலாவின் கைக்கு அது பழக்கம். வேறு ஆளுக்கு அந்த மெசின் தலைவலி.

உடனே விறாந்தைக்கு ஓடினாள். அதற்குள் ஒவ்வொரு குடும்பமும் ஒவ்வொரு பக்கம் போய்விட்டது. முகாம் முகாமாக விசாரித்தாள். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் சொல்லச் சொன்னாள். ஒருவரும் வரவில்லை. "பித்தளை மூடி கண்ணுக்குத் தெரியாதா? எவளோ ஒருத்தி என்ட சாமான வெச்சுக்கிட்டு வாய மூடிக்கிட்டு இருக்கிறாள்" என்று அன்றைக்குத் தொடங்கிய புறுபுறுப்பு இன்றைக்கும் நிற்கவில்லை. அதற்கிடையில் கல்யாணம் ஆயிற்று, மகள் ஃபஸ்னா பிறந்தாள். புருஷன் ரஸாக் சிலாபத்துப் பழைய சாமான் கடையில் ஒரு பூவேலை செய்த இரும்புக் கால் வாங்கி வந்து, மெசினை அதில் பூட்டிக் கொடுத்தார். அவரும் மௌத்தான பிறகு அந்த மெசின்தான் தாயையும் மகளையும் சோறு தின்ன வைத்தது.

இப்போது கட்டாரில் இருக்கிற நௌஃபர் அவளை மக்காவுக்கு, உம்ரா யாத்திரைக்கு அனுப்புகிறான், அடுத்த மாதம் பயணம். உம்ராவுக்குப் போகிற ஆள் அதற்கு முன் ஊரில் எல்லாரிடமும் மாப்புக் கேட்கவேண்டும், யாருடைய ஹக்காவது, மற்றவருக்கு உரிய பொருளாவது கையில் இருந்தால் தீர்த்துவிட வேண்டும். ஹஃபீலா ஒருவரையும் விடவில்லை. பக்கத்து வீட்டு பஸீனாவின் கோழியைத் துரத்தியதற்கு மாப்பு, மீன்காரரைத் தராசுக்காகத் திட்டியதற்கு மாப்பு. மீன்காரர், "நீங்க திட்டினது நியாயந்தானே ராத்தா" என்று சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டார். எல்லாம் தீர்ந்தது, மெசின் மட்டும் தீரவில்லை. மற்றவளின் ஹக்கைச் சுமந்துகொண்டு கஃபாவுக்கு முன்னால் எந்த முகத்தோடு நிற்பது? 

பள்ளி மௌலவி யோசித்துச் சொன்னார்: "ராத்தா, நீங்க தேடாத இடமில்ல. இப்பிடிச் செய்ங்க. அந்த மெசின் என்ன பெறுமதி எண்டு நாலு பேரிட்ட கேளுங்க. அத உரியவட பேரால ஏழைகளுக்கு ஸதகாவாக் குடுத்திருங்க. நாளைக்கு அவ வந்து கேட்டா அவட ஹக்கு அவக்கு இருக்குத்தான். அதுவரைக்கும் உங்கட மனசு லேசாகும்."

லேசான காரியம் என்றுதான் ஹஃபீலாவும் நினைத்தாள். ஒரு மெசினுக்கு விலை கேட்பதில் என்ன இருக்கிறது?

முதலில் பழைய இரும்பு வாங்குகிறவன் லொறியோடு வந்தான். மெசினின் தலையை ஒரு கையால் சரித்துப் பார்த்து, "நல்ல பாரம் இருக்கு உம்மா, நிறுத்துப் பாப்பமா?" என்றான். ஹஃபீலா அகப்பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்த வேகத்தில் லொறி அடுத்த தெருவில் நின்றுதான் ஒலிபெருக்கியைப் போட்டது.

ஃபஸ்னா தொலைபேசியில் தேடினாள். அவள் கார்மெண்ட்ஸில் வேலை செய்தவள், கரண்டில் ஓடுகிற மெசின்தான் மெசின் என்பது அவள் கட்சி. "உம்மா, இங்க பாருங்க, இத மாதிரி மெசினுக்கு வெளிநாட்டுல ஒரு வீடே வாங்கலாம் எண்டு போட்டிருக்கு."

"அப்பிடி வாங்கின வீட்டுல யாரு இருக்கிறா எண்டும் போட்டிருக்கா?"

டவுனில் மெசின் திருத்துகிற ஸியாத் வந்து, எண்ணெய் விட்டு, ஓட்டிப் பார்த்து, "ஒரு குறையும் இல்ல ராத்தா. இன்னும் ஒரு ஆயுசுக்கு ஓடும். ஆனா வாங்க ஆள் இல்ல, எல்லாருக்கும் கரண்டு மெசின்தான் வேணும். நான் என்னெண்டு விலை சொல்ல?" என்று கையை விரித்தான். குறை இல்லாத சாமானுக்கு விலையும் இல்லை! ஹஃபீலாவுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

கடைசியாக வந்தவர் லாபிர். கற்பிட்டிப் பக்கம் காற்றில் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்கி விளையாட வெள்ளைக்காரர்கள் வருகிறார்களே, அவர்கள் தங்குகிற ஹோட்டல்களுக்குப் பழைய சாமான் வாங்கிக் கொடுக்கிற மனிதர். வந்ததும் மெசினைப் பார்க்கவில்லை. குந்தியிருந்து இரும்புக் காலைத் தட்டினார், தடவினார், நாலு பக்கமும் நின்று படம் எடுத்தார்.

"அருமையான கால். இதுக்கு மேல ஒரு பலகையப் போட்டா மேசை. என்ன விலையும் சொல்லுங்க."

"கால் என்ட புருஷன் வாங்கினது, அத விக்கிறதுக்கில்ல. தலைக்கு விலை சொல்லுங்க, நானா."

லாபிர் அரைமனதோடு தலையைப் பார்த்தார். "தங்கப் பூவெல்லாம் தேஞ்சு போச்சே. தைச்சுத் தைச்சுக் கை பட்ட இடமெல்லாம் வெளுத்திட்டு. ஓடாம அலுமாரிக்குள்ள இருந்த மெசினுக்குத்தான் மதிப்பு, ராத்தா."

"ஓடாததுக்கு மதிப்பு, ஓடினதுக்கு மதிப்பில்லையா? அல்லாஹ்வே, இது எந்த ஊர் நியாயம்!"

"நம்பாட்டி பாலாவியில என்ட ஷெட்டுக்கு வந்து பாருங்க. இதே கம்பனித் தலை ஒன்டு கிடக்கு, பூ அப்பிடியே மின்னுது. பெரிசாத் தைக்கல்ல போல. அதுக்கு என்ன விலை போகுது எண்டு பாத்திட்டு, உங்கடதுக்கு நீங்களே கணக்குப் போடுங்க."

சரி, பார்த்துவிடுவோம் என்று தாயும் மகளும் அவருடைய வேனிலேயே ஏறினார்கள்.

ஷெட்டுக்குள் உடைந்த கதிரைகள், கப்பல் விளக்குகள், வண்டிச் சக்கரங்கள். ஒரு மூலையில் பலகை மேல் அந்தத் தலை இருந்தது. பூ நிஜமாகவே மின்னியது. "இதுக்கு மேல ஒரு விளக்கு வெச்சுக் குடுக்கப் போறன்" என்றார் லாபிர். ஹஃபீலா அதைக் காதில் வாங்கவில்லை. அவள் கண் பொபின் மூடியில் நின்றுவிட்டது. பித்தளை! ஒரு மூலை கொஞ்சம் கோணல். அந்தக் கோணலுக்கு வாப்பாவை அன்றைக்கு அவள் எவ்வளவு கேலி செய்தாள்! சக்கரத்தைப் பிடித்து மெதுவாகச் சுற்றினாள். சுற்றி வந்து, அதே இடத்தில் இடறியது. உள்ளங்கை தானாகவே தட்டியது. இடறல் விட்டுச் சக்கரம் ஓடியது.

"உம்மா? ஏன் அழுறீங்க?" என்றாள் ஃபஸ்னா.

"இது என்ட மெசின்."

அழுகை கொஞ்ச நேரந்தான். மூக்கைத் துடைத்ததும் கோபம் வந்தது. "யாரிட்ட வாங்கினீங்க நானா?"

"வண்ணாத்திவில்லுப் பக்கம், ஒரு வயசான பொம்பள. தைக்காத மெசின், தூக்கிட்டுப் போங்க எண்டு தந்தா."

"தைக்காத மெசினா! நான் அவட சாமான கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்தன். ஒரு நாள் எண்ணெய் விடாம இருந்ததில்ல. அவ என்ட சாமான வித்திட்டா! பித்தளை மூடியக் கண்டும் காணாத மாதிரி இருந்திட்டு, வித்தும் போட்டா!" ஹஃபீலாவின் குரலில் ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. லாபிர் இரண்டடி பின்னால் போனார்.

முழுக்கதையும் கேட்ட பிறகு மனிதர் கொஞ்சம் இளகிப்போனார். ஹோட்டலுக்குத் தலையணை உறைகள் தைத்துத் தருவது, பதிலுக்கு அந்தத் தலையை எடுத்துக்கொள்வது என்று பேச்சு முடிந்தது. கால் விஷயத்தை அவர் இன்னொரு தடவை கிளப்பப் பார்த்தார், ஹஃபீலா பார்த்த பார்வையில் விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் அமானித மெசினின் தலையைக் கழற்றி, பழைய படுக்கை விரிப்பில் கட்டி, ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு புறப்பட்டாள். ஃபஸ்னாவும் கூட வந்தாள், உம்மாவின் வாய்க்குக் காவலாக. வழியெல்லாம் ஹஃபீலா ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். "இந்தா உங்கட மெசின், நான் பத்திரமா வெச்சிருந்தன், நீங்க என்ன செஞ்சீங்க எண்டு நேரா முகத்தப் பாத்துக் கேப்பன்."

"மாப்புக் கேக்கப் போறீங்களா, சண்டைக்குப் போறீங்களா உம்மா?"

"ரெண்டுந்தான்!"

லாபிர் சொன்ன அடையாளத்தில் வீடு இருந்தது. சுற்றிவர கஜு மரங்கள், அதாவது முந்திரி, முற்றத்தில் சாக்கு விரித்து, ஒரு பெண் கஜுக்கொட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். ஹஃபீலாவைவிடச் சில வயது மூத்தவள். பெயர் றைஸா. கஜுக்கோதின் எண்ணெய் பட்டுப் பட்டு அவளுடைய விரல்கள் கறுத்து, தோல் உரிந்து, வெடித்திருந்தன.

ஸலாம் சொல்லியாயிற்று. ஹஃபீலா உட்காரவில்லை. "லாபிர் நானாவுக்கு ஒரு மெசின் வித்தீங்களா?"

றைஸாவின் முகம் பயந்துபோயிற்று. "ஓம், வித்தன். அது தைக்காது எண்டு சொல்லித்தானே குடுத்தன்? திருப்பித் தாறாராமா?"

"அது என்ட மெசின்."

"என்ன கதைக்கிறீங்க? அது நான் மன்னாரிலிருந்து தூக்கிட்டு வந்த மெசின்."

"நீங்க தூக்கிட்டு வந்தது இது" என்று ஹஃபீலா மூட்டையை வாசல்படியில் வைத்து அவிழ்த்தாள்.

றைஸா எழும்பி வந்தாள். குனிந்து பார்க்கக்கூட இல்லை. அவளுடைய கறுத்த விரல் மெசினின் கழுத்துக்கு அடியில் போய், அங்கே இருந்த ஒரு சின்னக் கொத்துத் தழும்பைத் தொட்டு நின்றது. ஹஃபீலாவுக்கு அந்தக் கொத்து தெரியும். எத்தனையோ வருஷம் துடைத்த கொத்து. ஆனால் அது எப்படி வந்தது என்று தெரியாது.

"கத்திரிக்கோல் விழுந்தது. என்ட கல்யாணத்துக்கு முந்தின நாள்" என்றாள் றைஸா. பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "இது எப்பிடி உங்களிட்ட?"

ஹஃபீலா பீப்பாய்க் கதையைச் சொன்னாள். சொல்லச் சொல்லச் சூடு ஏறியது. "பித்தளை மூடிய நீங்க பாக்கல்லையா? ஒரு வார்த்தை கேட்டிருந்தா தேடி வந்திருப்பனே!"

"பாத்தன். கம்பனி மூடி பீப்பாயில தொலைஞ்சு போயிருக்கும், பாவம் அந்த மெக்கானிக் நானா வேற ஒன்ட வெட்டிப் போட்டிருக்கிறார் எண்டு நினைச்சன். கழுத்துக் கொத்தையும் காணல்ல, அதையும் அவர்தான் நிரப்பி மை பூசிட்டார் எண்டு நினைச்சன். அவருக்கு துஆவும் செஞ்சன். பிறகு நாங்க நீர்கொழும்புக்குப் போயிட்டோம், அங்கிருந்து இங்க."

ஹஃபீலா சண்டைக்குக் கொண்டுவந்த முதல் கேள்வி அத்தோடு போயிற்று. இரண்டாவது இன்னும் இருந்தது. "அப்பிடியெண்டாலும் தையல் விழுற விதத்தில விளங்கியிருக்குமே, வேற ஆளுட மெசின் எண்டு?"

றைஸா தன் கைகளைப் பார்த்தாள். "மன்னாருல நான் தைச்ச உடுப்புத்தான் எங்கட தெருவுல கல்யாணத்துக்கு. முகாமுல ஒரு புள்ளைக்குப் பெருநாள் உடுப்புத் தைச்சன், ஓரமெல்லாம் விட்டுவிட்டு விழுந்திட்டு. பெருநாளன்டைக்கு அது தையல் விட்ட உடுப்போட நின்டு அழுதது இன்னும் கண்ணுக்குள்ள இருக்கு. பிறகும் தைச்சன், பிறகும் அப்பிடித்தான். திருத்துறவனிட்டக் குடுத்தா அவன், மெசின்ல ஒன்டுமில்ல, மிதிக்கிற மிதியிலதான் பிழை எண்டான். உப்புத்தண்ணி எல்லாருட மெசினும்தானே குடிச்சது? ஒரே பீப்பாயிலதானே ஊறினது? மத்தவங்கட எல்லாம் ஓடுது, என்டது மட்டும் ஏன் ஓடல்ல? அப்ப பிழை மெசின்ல இல்ல, என்ட கையிலதான் எண்டு நினைச்சன். வந்த கவலையில கை போயிட்டு எண்டு ஊரும் சொல்லிச்சு. நானும் அத நம்பிட்டன். துணி கொண்டுவந்த ஆக்களுக்கெல்லாம் கை போயிட்டு, கை போயிட்டு எண்டு சொல்லித் திருப்பி அனுப்பினன். வயித்துக்கு வேணுமே, கஜு உடைக்கப் பழகினன்."

ஹஃபீலாவின் இரண்டாவது கேள்வியும் போயிற்று. வழியெல்லாம் ஒத்திகை பார்த்தவள்! சக்கரத்தை அந்த இடத்தில் ஒரு தட்டுத் தட்டவேண்டும், அவ்வளவுதான். உலகத்தில் அது தெரிந்த ஒரே ஆள் அவள். அவளோ தில்லையடியில் இருந்துகொண்டு இந்தப் பெண்ணின் மெசினில் வெண்ணெய் மாதிரித் தைத்துப் பெயர் எடுத்துக்கொண்டிருந்தாள். ஊர் புகழ்ந்த தையலில் பாதி இவளுடையது. இங்கே இவள் தன் கையைக் குற்றம் சொல்லிக்கொண்டு கஜுக்கோதில் அதைப் பொசுக்கிக்கொண்டிருந்தாள். இதற்கு எந்த லாபிர் வந்து விலை சொல்வார்? எந்த ஸதகாவில் இது அடங்கும்? 

"ராத்தா," என்றாள். அவளுக்கே கேட்காத குரல். "நான் உம்ராக்குப் போறன். மாப்புக் கேக்க வந்தன். வழியில கோபத்த ஏத்திக்கிட்டு வந்திட்டன், அதுக்கும் மாப்பு. என்ட மெசின்ல ஒரு பழுது இருக்கு. சக்கரம் இடறக்குள்ள ஒரு தட்டுத் தட்டணும். அது எனக்குத் தெரியும், உங்களுக்குச் சொல்லத்தான் ஆள் இல்லாமப் போச்சு. உங்கட கையில ஒரு பிழையும் இல்ல."

றைஸா எழும்பி உள்ளே போனாள். போனவள் திரும்பி வரட்டும் என்று ஹஃபீலா வாசலிலேயே நின்றாள், கதவைச் சாத்திவிட்டாலும் சாத்தட்டும் என்று. உள்ளே தண்ணீர் சத்தம் கேட்டது. பிறகு, "மகள், இங்க வந்து இத ஒருக்காப் பிடிங்க" என்று ஃபஸ்னாவைக் கூப்பிடும் குரல் வந்தது.

ஹஃபீலா தலையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். மூலையில் ஒரு மேசை. அதன் மேல் ரைஸ் குக்கர், அதற்குக் கீழே பூப்போட்ட மேசைவிரிப்பு. குக்கரை இறக்கி விரிப்பை உருவினால், நடுவில் மெசின் தலை உட்காருகிற பள்ளம், அடியில் மிதி. முகாமுக்குப் பிறகு வாங்கிய கால், தலையை விற்றவளுக்கு அதை விற்க மனம் வரவில்லை போலும். மிதியில் வார் இல்லை. ஹஃபீலா தலையைப் பள்ளத்தில் இறக்கிப் பூட்டிவிட்டு, தன் கைப்பையிலிருந்து புதுத் தோல்வார் ஒன்றை எடுத்து நீட்டினாள். தையல்காரியின் பையில் இல்லாத சாமானா?

றைஸா கையைத் தேங்காய் எண்ணெயில் தேய்த்து, சவர்க்காரத்தில் கழுவி, துடைத்திருந்தாள். கறை போகவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நூலை மேலிருந்து ஒவ்வொரு கொக்கியாக மாட்டிக்கொண்டு வந்த கை ஓரிடத்திலும் தடுமாறவில்லை. ஊசிக் கண் மட்டும் பிடிபடவில்லை. "நீ கோத்துத் தா மகள், எனக்குக் கண் தெரியாது" என்றாள். ஃபஸ்னா கோத்துக் கொடுத்தாள். றைஸா ஒரு மாவுப் பைத் துணியை மடித்து ஊசிக்கு அடியில் வைத்தாள். காலை மிதியில் வைத்தவள், மிதிக்காமல் அப்படியே இருந்தாள்.

"பயமா இருக்கு" என்றாள்.

"மிதிங்க ராத்தா."

மிதித்தாள். மெசின் ஓடியது. துணியின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குப் போய், திரும்பி, இன்னொரு வரி வந்து, இன்னொரு வரி. அவள் நிறுத்துவதாக இல்லை. கடைசியில் நூலை அறுத்து, துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய், தையல் வழியே விரலை ஓட்டினாள். ஒரு தையல்கூட விட்டுப்போகவில்லை. பலகையில் கோடு போட்டதுபோல் நேராகக் கிடந்தது.

"என்ட கை நல்லாத்தான் இருந்திருக்கு" என்றாள் றைஸா.

அதைச் சொன்ன பிறகுதான் அழுதாள். சத்தம் போட்டு அழுதாள். ஹஃபீலாவும் அழுதாள். கரண்டு மெசின் கட்சிக்காரியான ஃபஸ்னாவும், என்னவோ கண்ணில் விழுந்ததுபோல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கொஞ்சம் அடங்கியதும் றைஸா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "உன்ட மெசின நான் வித்திட்டனே, அதுக்கு நானும் மாப்புக் கேக்கணும்" என்றாள். நீங்க போய் நீ ஆகியிருந்தது.

"அது எனக்குத் திரும்பக் கிடைச்சிட்டு ராத்தா. தலையணை உறைக்குத்தான் குடுத்தாங்க."

"அதுல எப்பிடித் தைப்பாய்?"

"தட்டித் தட்டித் தைப்பன்."

றைஸாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஹஃபீலாவை மேலும் கீழும் பார்த்தாள். "உம்ராக்குப் போட வெள்ளை அபாயா தைச்சிட்டியா?"

"துணி வாங்கி வெச்சிருக்கன். இன்னும் வெட்டல்ல."

"வெட்டாத. கொண்டுவா. நான் தைக்கிறன்."

ஹஃபீலா திகைத்துப் போனாள். நினைவு தெரிந்த நாளிலிருந்து அவள் உடுப்பை இன்னொருத்தி தைத்ததில்லை.

"நான் கேட்ட மாப்பு?" என்றாள்.

"அந்த உடுப்போட தாறன். அதப் போட்டுக்கிட்டுப் போய், எனக்கும் துஆக் கேளு." றைஸா அளவெடுக்கக் கையைத் தூக்கினாள், தூக்கிய கையைப் பார்த்ததும் தயங்கினாள். "வெள்ளைத் துணியாச்சே. என்ட கையப் பாரு. கழுவினாலும் போகாது. எங்கயாவது கறை பட்டிரும்."

"படட்டும் ராத்தா."

வீட்டில் அளவு நாடா இல்லை. றைஸா சாணால் தோளை அளந்தாள், முதுகை அளந்தாள், கழுத்தை எவ்வளவு இறக்கவேண்டும் என்று கேட்டாள். இத்தனை வருஷமும் ஊருக்கெல்லாம் அளவெடுத்த ஹஃபீலா, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, அசையாமல் நின்றாள்.